“மாடிக்கு அப்ரூவல் இருக்கா சார்?” – தாம்பரம் பக்கத்து வீடு ஒன்றின் விற்பனை: நிகழ்வு ஆய்வு

சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 55-ஆம் பிரிவைப் படித்துவிட்டு வீடு விற்கக் கிளம்புகிறவர்கள் மிகக் குறைவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, விற்பவருக்கு அந்தப் பிரிவு விதிக்கும் கடமைகளில் மூன்று இங்கே முக்கியம். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும். கேட்டால் உரிமை ஆவணங்களைக் காட்ட வேண்டும். சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். ஆக, “வர்றவங்க கேட்டா அப்போ பாத்துக்கலாம்” என்பது வெறும் அலட்சியம் மட்டுமல்ல, பின்னால் நோட்டீஸாகத் திரும்பி வரக்கூடியது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி நிகழ்வு. தென்சென்னைப் புறநகரில் மறுவிற்பனைக்கு வரும் தனி வீடுகளில் வழக்கமாகத் தலைகாட்டும் சிக்கல்களை ஒரே வீட்டில், ஒரே குடும்பத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஆட்கள் கற்பனை, சட்டமும் கணக்கும் நடைமுறையும் உள்ளபடியே.

வீடும் குடும்பமும்

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் 40-க்கு 60 மனை, பத்திரப்படி ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. அப்பா 1994-இல் மனை வாங்கி, 1998-இல் வரைபட அனுமதியோடு 1,050 சதுர அடியில் தரைத்தளம் கட்டினார். 2010-இல் வீட்டை வைத்து வங்கியில் கடன் வாங்கி 700 சதுர அடிக்கு மாடி எழுப்பினார். மாடிக்கு அனுமதி வாங்கவில்லை. கடன் 2015-இல் முடிந்தது. 2016-இல் அவர் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். இளைய மகன் சிங்கப்பூரில் வேலை. மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்.

கேட்ட விலை 1.48 கோடி. முதலில் வந்த தம்பதி வீட்டைப் பார்த்துவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டார்கள். “மாடிக்கு அப்ரூவல் இருக்கா சார்?” மூத்த மகன், “இருக்கு சார், டாக்ஸ் கட்டிட்டுத்தானே இருக்கோம்” என்றார். “2015-ல தண்ணி வந்துச்சாம்மா?” அம்மா, “ரோட்டுல வந்துச்சுப்பா, நம்ம வீட்டுக்கு வரல” என்றார். அதே கேள்விக்கு மாடியில் குடியிருப்பவர் அவர்களிடம் தனியாக, “போர்ட்டிகோ வரைக்கும் வந்துச்சு, வண்டியெல்லாம் மேல ஏத்தினோம்” என்றார். மூன்றாவது கேள்வி, “யார் யார் கையெழுத்து போடுவீங்க?” அதற்கு, “நாங்க நாலு பேர்தான்.”

இரண்டு பதில்கள் தவறு, ஒன்று பாதி உண்மை. பொய் சொல்லும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. சொத்து வரி ரசீதை அனுமதி என்று மகன் உண்மையாகவே நம்பினார். உள்ளாட்சி அமைப்பு கட்டடம் நிற்கிறது என்பதற்காக வரி விதிக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி உண்டா என்பது வேறு மேசை, வேறு கோப்பு. தம்பதியின் வழக்கறிஞர் ஆவண நகல்களைப் பார்த்த பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை.

வீடு வாங்குகிறவர் கேட்கும் கேள்வி அவரோடு முடிவதில்லை. அதையே அவர் வீட்டுப் பெரியவர் கேட்பார், அவர் வழக்கறிஞர் கேட்பார், கடன் கொடுக்கும் வங்கியின் பேனல் வழக்கறிஞரும் மதிப்பீட்டுப் பொறியாளரும் கேட்பார்கள். நான்கு வாய்க்கும் ஒரே பதில் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒரு காகிதமோ ஓர் அளவோ இருக்க வேண்டும். குடும்பம் வீட்டை மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவதற்குள் செய்த வேலை முழுவதும் இதுதான்.

பாட்டியின் பங்கு

முதலில் எடுக்க வேண்டியது “யார் கையெழுத்து போடுவீங்க?” என்ற கேள்வியைத்தான். இது சரியாகாமல் மற்ற பதில்கள் எதற்கும் பயனில்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் ஐந்து பெயர்கள் இருந்தன: மனைவி, மூன்று பிள்ளைகள், இறந்தவரின் தாய். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தார், 2019-இல் காலமானார். “பாட்டிதான் போயிட்டாங்களே” என்று குடும்பம் அந்தப் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. வாங்க வந்தவரின் வழக்கறிஞர் எடுக்கவில்லை.

2016-இல் அப்பா கண்ணை மூடிய அன்றே வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்குப் போய்விட்டது. பாட்டியும் உயில் எழுதவில்லை. ஆகவே அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்: சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, முன்பே இறந்த மகனின், அதாவது அப்பாவின், கிளைக்கு ஒன்று. அந்தக் கிளையின் பங்கை மூன்று பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். இதில் மருமகளான அம்மாவுக்குப் பங்கு வராது. வீட்டை 45 பங்காகப் போட்டால் கணக்கு நேராகிறது: அம்மாவுக்கு 9, பிள்ளைகள் மூவருக்கும் தலா 10, சித்தப்பாவுக்கு 3, அத்தைக்கு 3. 1.40 கோடிக்கு விற்றால் சித்தப்பா, அத்தை ஒவ்வொருவருடைய பங்கும் சுமார் 9.33 லட்சம். கையெழுத்து நான்கல்ல, ஆறு.

இதற்கு இரண்டு வழி உண்டு. சித்தப்பாவும் அத்தையும் விற்பனைப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்திடலாம். அல்லது முன்கூட்டியே தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு இரண்டாவதே பொருந்தியது. வாங்குபவர் வந்த பிறகு அத்தையைத் தேடிப் போனால் பேரத்தில் ஒரு தரப்பு கூடிவிடும். விடுதலைப் பத்திரத்தின் முத்திரைக் கட்டணம் உறவுமுறையைப் பொறுத்து மாறும் என்பதால் பத்திரம் எழுதுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கணக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேச்சில் ஒன்றை மறக்கக் கூடாது: அத்தை பணம் கேட்டால் அது பேராசை ஆகாது, சட்டம் அவருக்கு எழுதி வைத்த பங்கு அது. “சும்மா ஒரு கையெழுத்துதானே அத்தை” என்று ஆரம்பிக்கும் வீடுகளில்தான் விஷயம் நீதிமன்றம் வரை போகிறது.

இந்தக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்கு விகிதமே வேறு. யாராக இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உரிமையாளர் இறந்த அன்று யாரெல்லாம் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் இன்று இல்லாதவர்களின் வாரிசுகள் யார்?

சிங்கப்பூர் மகன் வர முடியாததால் அண்ணன் பெயரில் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தார். வெளிநாட்டில் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்தாகி வரும் பத்திரம் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் இந்த வேலையைத்தான் பத்திர எழுத்தர்கள் “அட்ஜுடிகேஷன்” என்கிறார்கள். கூரியரில் வந்த உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வந்த தேதிக்கு அது சாட்சி. பதிவு நாளில் அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள். அதைப் பழைய தேதியில் வாங்கி வைத்துப் பயனில்லை.

வில்லங்கச் சான்றில் ஒரு வரி

ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். வீடு பார்க்க வருகிறவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வதே நல்லது. இந்த வீட்டின் சான்றில் 1994 கிரயத்துக்கு அடுத்து 2010-இல் ஒரு வரி: உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான பத்திரம், பேச்சு வழக்கில் எம்.ஓ.டி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அதாவது பதிவேட்டைப் பொறுத்தவரை வீடு இன்னும் அடமானத்தில் இருக்கிறது.

கடன் முடிந்தது, அசல் பத்திரங்கள் கைக்கு வந்தன, பாக்கி இல்லை என்ற கடிதமும் இருக்கிறது. ஆனால் கடிதம் பதிவேட்டில் ஏறாது. வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான் அந்த வரிக்கு எதிர்வரி விழும். கடன் முடிந்த வாரத்தில் செய்திருந்தால் எளிது. பல ஆண்டு கழித்துப் போனால் கிளை வேறு கிளையோடு சேர்ந்திருக்கும், கோப்பு எங்கோ ஒரு கிடங்கில் கிடக்கும், கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றோடு எல்லாரும் மனு எழுத வேண்டும். இந்தக் குடும்பம் மொத்தத் தயாரிப்பில் அதிகம் காத்திருந்தது இதற்குத்தான். வீடு விற்கும் எண்ணம் வந்த அன்றே முதலில் பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்றை, வர்ணம் பூசுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் காட்டாது என்பதும் வாங்குபவருக்குத் தெரியும். பதிவாகாத உயில், பதிவாகாத ஒப்பந்தம், நிலுவையில் இருக்கும் வழக்கு, குடியிருப்பவரின் உரிமை எதுவும் அதில் தெரியாமல் போகலாம். அதனால்தான் “வேற யார்கிட்டயாவது அட்வான்ஸ் வாங்கியிருக்கீங்களா?”, “கோர்ட்ல ஏதாவது இருக்கா?” என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் கொடுக்கலாம், விற்பனைப் பத்திரத்தில் எப்படியும் அந்த உறுதிமொழி வரத்தான் போகிறது.

2,400-ஆ, 2,303-ஆ?

பத்திரத்தில் 2,400 சதுர அடி. பட்டாவில் 2.14 ஏர், அதாவது 214 சதுர மீட்டர், சதுர அடியில் 2,303. வித்தியாசம் 97 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்று போட்டால் 4.85 லட்சம். வாங்க வருகிறவர் கால்குலேட்டரைத் தட்டுவது இந்த இடத்தில்தான்.

இப்படி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. மனைப்பிரிவு போட்டபோது வரைபடத்தில் இருந்த 40-க்கு 60 தரையில் அப்படியே விழவில்லை, அல்லது பக்கத்து மனைக்காரர் மதில் சற்று உள்ளே தள்ளிவிட்டது, அல்லது சாலை சிறிது தின்றுவிட்டது. காரணம் எதுவானாலும் வங்கி மதிப்பீட்டாளர் பத்திரம், பட்டா, தரை அளவு மூன்றில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார். குடும்பம் உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து நான்கு பக்கமும் அளந்து, மூலைவிட்டங்களோடு ஒரு வரைபடம் வாங்கி வைத்தது. நான்கு பக்கம் மட்டும் அளந்தால் மனை சதுரமாக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தெரியாது. தரையில் கிடைத்தது 2,315. அதன் பிறகு பதில் ஒரே வரி: “பத்திரத்துல 2,400, பட்டாவுல 2,303, நாங்க 2,303-க்குத்தான் விலை சொல்றோம்.” பேரம் பேச வந்தவர் கையில் இருந்த முதல் ஆயுதம் அங்கேயே போனது.

பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. விற்பவர் பெயரில் பட்டா இருந்தால், உட்பிரிவு தேவைப்படாத விற்பனைகளில் பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே வாங்குபவர் பெயருக்கு மாறும் வசதி இருக்கிறது. இறந்தவர் பெயரில் இருந்தால் அது ஓடாது. விடுதலைப் பத்திரம் முடிந்த கையோடு நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவுக்கு மாற்றினார்கள்.

மாடி

இதுதான் வீட்டின் பலவீனமான இடம், கேள்வியும் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலில் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லாத் தளமும் சேர்ந்த பரப்பு மனையில் எத்தனை மடங்கு என்பது, 2.0 வரை அனுமதி. இங்கே இரண்டு தளமும் சேர்ந்து 1,750 சதுர அடி, மனையில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். பரப்பில் சிக்கல் இல்லை. சிக்கல் கிழக்குப் பக்க வெளிப்படிக்கட்டில்: பக்கத்தில் விட வேண்டிய திறந்தவெளியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. படியைப் பிரித்து உள்பக்கம் மாற்றினால் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிரிக்காவிட்டால் மாடி அனுமதியில்லாததாகவே இருக்கும். நான்கைந்து லட்சம் செலவழித்துப் படியை மாற்றி, அனுமதிக்காகக் காத்திருக்கக் குடும்பம் விரும்பவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி விலையில் சரிக்கட்டுவது என்று முடிவாயிற்று. இதுவும் ஒரு நியாயமான முடிவுதான், ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

விலை இப்படி வருகிறது. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடனில் வங்கி சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு. 1.40 கோடியும் மதிப்பாக ஏற்கப்பட்டால் கடன் 1.05 கோடி. மாடிக்கு அனுமதி இல்லை என்று பொறியாளர் அதன் மதிப்பு 14 லட்சத்தைக் கழித்துவிட்டால் மதிப்பு 1.26 கோடி, கடன் 94.5 லட்சம். வாங்குபவர் கையிலிருந்து கூடுதலாக 10.5 லட்சம் புரட்ட வேண்டும். போதாததற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 12.6 லட்சம், அதைக் கடன் கணக்கில் வங்கி சேர்க்காது. இந்த ஓட்டையை அட்வான்ஸ் கொடுத்த பிறகு கண்டுபிடிக்கும் வாங்குபவர் ஒப்பந்தத்தை உடைப்பார். அட்வான்ஸுக்கு முன்பே தெரிந்தவர், முடியும் என்றால் வருவார், இல்லை என்றால் அன்றே விலகுவார். விற்பவருக்கு இரண்டுமே லாபம்தான்.

ஆகவே முதல் போனிலேயே சொல்ல வேண்டிய பதில்: “தரைத்தளத்துக்கு பிளான் அப்ரூவல் இருக்கு சார், காப்பி தர்றோம். மாடிக்கு இல்ல. வரி ரெண்டுக்கும் கட்டியிருக்கு. மாடிய வேல்யூவர் கழிப்பாருன்னு வச்சு லோன் கணக்குப் போட்டுப் பாத்துட்டு வாங்க.”

மனைப்பிரிவு அனுமதி பற்றிய கேள்வியும் கூடவே வரும். இந்த மனை 1994-இல் ஊராட்சி அனுமதியோடு விற்கப்பட்டது, பிறகு அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் வரன்முறை செய்யப்பட்டது. ஆணையின் நகல் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

மழை, கிணறு, சுவர்

சென்னையின் தெற்கே வீடு விற்கும் எவரும் 2015 டிசம்பருக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்க வேண்டும். “வரல” என்ற சொல்லால் பயனில்லை. எங்கே வரை, எத்தனை மணி நேரம், தெருவில் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் 2015-இல் தண்ணீர் போர்ட்டிகோவுக்குள் வந்து இரண்டாவது படியில் நின்றது, கூடத்துக்குள் ஏறவில்லை. மாடியில் குடியிருப்பவர் சொன்னதும் அம்மா சொன்னதும் முரண் அல்ல, இரண்டும் சேர்ந்தால்தான் முழு உண்மை. இது 55-ஆம் பிரிவு சொல்லும் மறைகுறைக்கு அருகில் வரும் விஷயம்: கோடையில் வந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, விற்பவருக்குத் தெரியும்.

இதோடு சேர்த்து அளக்க வேண்டியது ஒன்று உண்டு, பலர் விட்டுவிடுவார்கள். 1998-இல் கட்டும்போது வீட்டுத் தளம் சாலையிலிருந்து இரண்டரை அடி உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் இப்போது வித்தியாசம் ஒன்றே கால் அடி. 2015-இன் தண்ணீர் அளவு அன்றைய சாலை மட்டத்துக்குத்தான் பொருந்தும், இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை விவரமான வாங்குபவர் கேட்டுவிடுவார். கேட் அருகே டேப் பிடித்து அளந்து, தளத்துக்கும் சாலைக்கும், தளத்துக்கும் மழைநீர் வடிகால் மூடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்து வைத்தார்கள்.

ஆழ்துளைக் கிணறு 140 அடி, முதல் 60 அடிக்குக் கேசிங், நீர்மூழ்கி மோட்டார் ஒரு குதிரைத்திறன். “மே மாசம் எவ்வளவு நேரம் ஓடும்?” என்பதே உண்மையான கேள்வி. தொடர்ந்து ஓடவிட்டுத் தொட்டி நிரம்பும் நேரத்தைக் குறித்தார்கள்: 1,000 லிட்டர் நிரம்ப 40 நிமிடம், அதற்குப் பின் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்ததில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,150 மில்லிகிராம். இந்தியத் தரநிலையின்படி ஏற்கத்தக்கது 500, வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை. ஆகவே “குளிக்க, துவைக்க சரி, குடிக்க கேன்தான்” என்பது நேர்மையான பதில். கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, கிணற்றுக்கு எத்தனை அடி தள்ளி, கடைசியாக எப்போது லாரி வந்து எடுத்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு தெருவில் வந்திருந்தும் வீட்டுக்கு எடுக்கவில்லை என்றால் அதையும்.

சுவர்க் கசிவில் ஒரு பொதுத் தவறு: விற்பதற்கு ஒரு மாதம் முன்பு பட்டி பார்த்து வர்ணம் அடிப்பது. குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் மட்டும், கூரையில் ஒரு மூலையில் மட்டும் புது வர்ணம் இருந்தால் பொறியாளர் விரல் முதலில் அங்கேதான் தட்டும். இந்த வீட்டில் மாடிக் குளியலறைக்குக் கீழே தரைத்தளக் கூரையில் ஈரம் இருந்தது. காரணம் கழிவுக் குழாயைச் சுற்றி விட்டுப்போன பூச்சு. அதைப் பெயர்த்துச் சரிசெய்து, தண்ணீர் தேக்கி வைத்துச் சோதித்து, அதன் பிறகு வர்ணம் அடித்தார்கள். பெயர்த்த நிலையில் எடுத்த படமும் கோப்பில் இருந்தது. கூரைக் கம்பி துருப்பிடித்துக் காரை உப்பியிருந்தால் அது வேறு விஷயம், பட்டியால் மறைக்கவே கூடாது.

சின்னச் சின்னக் கேள்விகள்

“ஏன் விக்கறீங்க?” உண்மையான காரணம் ஒரே வாக்கியத்தில் போதும்: பங்கு பிரிக்கிறோம். நீட்டினால் அவசரம் தெரியும், மழுப்பினால் சந்தேகம் வரும்.

வாஸ்து கேட்பவரிடம் விவாதம் வேண்டாம். வடக்கு குறித்த தரைப்படம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவர்கள் ஜோசியரே பார்த்துச் சொல்லிவிடுவார். “கிழக்குப் பார்த்த வீடு” என்று விளம்பரம் போடுமுன் திசைகாட்டி வைத்துப் பார்ப்பது நல்லது, தென்கிழக்காகத் திரும்பிய மனைகள் இந்தப் பக்கம் ஏராளம்.

வாடகைக்காரரைப் பற்றி: காலி செய்து கொடுப்பதா, அப்படியே ஒப்படைப்பதா, அவர் கொடுத்த முன்பணம் யார் பொறுப்பு. பதில் சொல்வதற்கு முன் அவரிடமே பேசிவிட வேண்டும். தான் இருக்கும் வீடு விற்பனைக்கு என்பதைப் பார்க்க வந்தவர்கள் வாயால் தெரிந்துகொள்ளும் வாடகைக்காரர் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்.

மின்கட்டணம், அரையாண்டுச் சொத்து வரி, குடிநீர் வரி எல்லாம் பதிவு நாள் வரை விற்பவர் பொறுப்பு. கடைசி ரசீதுகள் ஒரு கவரில்.

யாரிடம் எதைக் கொடுப்பது

கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதை மூத்த மகனிடம் விட்டார்கள். அம்மாவிடம் கேட்டால், “பெரியவன்கிட்ட கேளுங்கப்பா, அவன்தான் பேப்பர் வச்சிருக்கான்” என்பது பதில். தரகரும் அப்படியே. தரகர் வாய்மொழியாகக் கொடுக்கும் உறுதி, குடும்பம் கொடுத்ததாகவே வாங்குபவர் மனதில் பதியும்.

காகிதங்களைப் படிப்படியாகத்தான் காட்ட வேண்டும். முதல் தடவை பார்க்க வருகிறவருக்கு அளவு வரைபடம், தரைத்தள அனுமதி, தண்ணீர் அறிக்கை, வரி ரசீது ஆகியவற்றின் நகல். விலை பேசி முடிந்த பிறகு, அவர் வழக்கறிஞருக்கு மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கி ரசீது ஆவணம், பட்டா என்று முழுத் தொகுப்பு. ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் தேதியோடு “பார்வைக்கு மட்டும்” என்று எழுத வேண்டும், ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைந்திருக்க வேண்டும். அசலை வீட்டில் வைத்தோ வங்கியில் வைத்தோ கண்ணெதிரே காட்டலாம். ஒரு நாளைக்கு என்றாலும் தரகர் கையில் போகக் கூடாது. அசல் தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்று, பதிவு அலுவலகத்தின் சான்றிட்ட நகல் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அதை வாங்குபவர் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

பணம்

இரண்டாம் சுற்றில் வந்தவர்களில் ஒருவர் 1.40 கோடிக்கு ஒப்புக்கொண்டார். உடனே வந்த கேள்வி: “டாக்குமென்ட்ல எவ்வளவு போடலாம்?” பதில் முன்பே முடிவாகியிருந்தது: முழுத் தொகையும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு, அதாவது விற்பவருக்கு. அத்துடன் இந்த வீட்டில் நான்கு பேர் பங்கு பிரிக்க வேண்டும், ரொக்கம் கைமாறினால் அண்ணன் தம்பிக்குள்ளேயே கணக்கு உதைக்கும்.

அடுத்தது டி.டி.எஸ்., அதாவது விலையில் ஒரு பகுதியை வாங்குபவரே வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. விற்பவர் நான்கு பேர், ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் பிடித்தம் இல்லை என்று வாங்குபவர் நினைத்தார். 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும், ஆகவே உண்டு. விடுதலைப் பத்திரத்தில் சித்தப்பா, அத்தை பங்குகள் அம்மா பெயருக்கு எழுதப்பட்டிருந்தன. எனவே அம்மா 15, பிள்ளைகள் தலா 10. இங்கே இருப்பவர்கள் மூவரின் பங்கு சுமார் ஒரு கோடியே 8 லட்சத்து 89 ஆயிரம், அதில் 1 சதவீதம் சுமார் 1.09 லட்சம்.

சிங்கப்பூர் மகனின் 31.11 லட்சத்துக்கு வேறு விதி. வெளிநாடுவாழ் விற்பவருக்கு 50 லட்ச வரம்பு கிடையாது. நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், மேல்வரியோடு 13 சதவீதம். ஆதாயம் எவ்வளவு என்று சான்று இல்லாவிட்டால் வாங்குபவர் பாதுகாப்புக்காக முழுத் தொகையிலேயே பிடிப்பார், சுமார் 4.04 லட்சம். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம், ஆனால் அதற்குப் பேசி முடித்த விலையும் ஒப்பந்தமும் வேண்டும், நேரமும் பிடிக்கும். ஒப்பந்தக் காலத்தை மூன்று மாதமாக வைத்ததற்கு இதுவும் காரணம். வெளிநாட்டில் ஒரு விற்பவர் இருப்பதை மறைத்து 1 சதவீதமே பிடிக்க வைத்தால் பின்னால் நோட்டீஸ் வாங்குபவருக்குப் போகும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய விஷயம் இது.

கடைசிக் கேள்வி: “லோன் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்பி வருமா சார்?” பொதுவாக “வரும்” என்பதோ “வராது” என்பதோ சண்டைக்கு விதை. ஒப்பந்தத்தில் இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். சொத்தின் ஆவணக் குறையால் வங்கி மறுத்தால் முழு அட்வான்ஸும் பதினைந்து நாளில் திரும்பும். மாடிக்கு அனுமதி இல்லை என்பது முன்பே தெரிவிக்கப்பட்டதால் அது குறையாகக் கருதப்படாது. வாங்குபவரின் வருமானம், பழைய கடன் காரணமாக மறுத்தால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை கழியும். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்ய வேண்டியது. பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். வியாபாரம் முறிந்தால் இரு தரப்பும் வந்து ரத்துப் பத்திரம் பதிந்தால்தான் அடுத்தவருக்கு விற்க முடியும். ஆகவே அட்வான்ஸைத் திருப்புவதும் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் ஒரே நாளில், ஒரே மேசையில் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள்.

பதிவு நாளில் அசல் ஆவணங்களை வரிசை எண் போட்ட பட்டியலோடு ஒப்படைத்து வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். மின் இணைப்புக்குப் பெயர் மாற்ற ஒப்புதல் கடிதம், வரி விதிப்பு எண், வாடகைக்காரர் காலி செய்த தேதி, மோட்டார் உத்தரவாத அட்டை எல்லாம் அதே பட்டியலில். இங்கே இருக்கும் மூவர் பங்கில் பிடித்த வரியை வாங்குபவர் பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டிய சான்று நான்கு பேர் கணக்கிலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதற்குப் பிறகும் மூத்த மகனுக்கு மிச்சமிருந்தது.